அட்டை எழுதாத படச்சுருள்

சென்ற மாதம் ஆய்வு மையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பழைய படச்சுருள்களையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். ஆரணியில் நாங்கள் எடுத்தவை எல்லாம் ஏறிவிட்டன, ஒன்றைத் தவிர. அதன் டப்பாவைச் சுற்றிச் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது, மேலே ‘இரண்டு சிறுமிகள்’ என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது, அதற்குக் குறிப்பு அட்டை ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை, என்ன செய்யட்டும் சார் என்று கேட்டாள். சிவப்பு நாடா என்றால் படத்தில் பேசியவர் இன்னும் சம்மதம் தரவில்லை என்று பொருள். அந்த வழக்கம் அவர்களுக்குத் தெரிந்திருந்ததும், பிரித்துப் பார்க்காமல் என்னைக் கேட்டதும் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பேசியவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்கு நான் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு சிறுமிகளில் ஒருத்தி என் மகள் மதி. இப்போது அவளுக்கே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் கையால் பதில் சொன்னாள்: அவர்கள் பார்க்கட்டும், ஆனால் முதலில் உன் பக்கத்துக் கதையை நீ எழுது, என் பக்கம்தான் படத்தில் இருக்கிறதே. அதனால்தான் எழுதுகிறேன். எழுதியதை அவளிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் அடித்துக் கொடுத்தாள்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. ஆரணிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நயினார் என்கிற தமிழ்ச் சமணக் குடும்பம், கொஞ்சம் நிலம். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மதிக்கு இரண்டு வயதில்தான் காது கேட்கவில்லை என்று தெரிந்தது. நானும் என் மனைவி பத்மாவும் வேலூருக்கும் மெட்ராஸுக்கும் அலைந்து ஓய்ந்த சமயத்தில், காது கேளாதோர் கையால் பேசுவதைப் படமெடுத்து ஆராயும் திட்டத்துக்கு ஆரணியில் ஓர் உதவியாளர் தேவை என்று கேள்விப்பட்டேன். எழுபதுகளின் நடுவில் அப்படி ஒரு வேலை இருக்கும் என்றே யாரும் நம்பவில்லை. மண்டி முதலாளி, சினிமா கம்பெனி ஏமாற்றுகிறது ஜாக்கிரதை என்றார். நேர்முகத்தில் ஒரே ஒரு கேள்விதான். ஏன் வருகிறீர்கள்? என் பெண்ணுக்காக என்றேன். அடுத்த வாரமே சேர்த்துக்கொண்டார்கள்.

பயிற்சி மெட்ராஸில் சில வாரம். அங்கே கற்றதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கை எந்த வடிவத்தில் இருக்கிறது, உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, எப்படி அசைகிறது, அப்போது முகம் என்ன செய்கிறது. ஒவ்வொரு சைகைக்கும் இந்த நாலையும் ஓர் அட்டையில் எழுத வேண்டும். மற்றதெல்லாம் நான் ஆரணியில் கற்றதுதான்.

ஆரணியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். தறி வேலைக்குக் கண்ணும் கையும் போதும். அதனால் சுற்றுவட்டாரத்தில் காது கேட்காத பையன்களைத் தறியில் சேர்த்துவிடுவது வழக்கமாக இருந்தது. ஒருவன் வந்தால் அவனைத் தேடி இன்னொருவன். பிறகு அவர்களுக்குள் கல்யாணம், குழந்தை, சண்டை, சமாதானம் எல்லாம். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுக்காத ஒரு பாஷை நாலு தெருவுக்குள் அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு பட்டு முதலாளியின் வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்தோம். கீழே தறிச் சத்தம், மேலே நாங்கள்.

எங்கள் தலைவி டாக்டர் தயாவதி. வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மொழியியலில் வாங்கிய டாக்டர் பட்டத்தை ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் மாடிப்படியில் காய்ச்சல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சீழ் வடிகிற காதோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த அம்மாள் யாரையும் துரத்தியதில்லை. “நான் அந்த டாக்டர் இல்லம்மா. ஆனா எந்த டாக்டர்கிட்ட போகணும்னு தெரியும், வா” என்று சொல்லி என்னைக் கூட அனுப்புவார். அந்த வருஷங்களில் அரசு ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரியாத நர்ஸே கிடையாது.

படமெடுக்கும் முறையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்று அது யாருக்கும் புரியாது. எங்களிடம் இருந்தது எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒன்று. ஒரு சுருள் மூன்று நிமிஷம் சொச்சம் ஓடும். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி பாய் போட்டு இரண்டு பேரை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் சாய்த்து உட்கார வைப்போம். பின்னால் தொங்கவிட முதலாளி அன்போடு ஒரு பட்டுத் துணி கொடுத்தார். படம் கழுவி வந்ததும் பார்த்தால், பட்டின் பளபளப்பில் பேசுகிறவர்கள் தீக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கறுப்புப் போர்வைதான். கட்டம் போட்ட சட்டை கூடாது. சாயப்பட்டறை ஆட்கள் வந்தால் டாக்டரம்மாவுக்குக் கொண்டாட்டம். சாயம் ஏறிய விரல்கள் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

சுருளை மெட்ராஸுக்கு அனுப்பினால் கழுவி வர மூன்று வாரமாவது ஆகும். வந்ததைக் கையால் சுற்றிப் பார்க்கும் ஒரு சின்ன இயந்திரத்தில் போட்டுப் பார்ப்போம். அந்த அம்மாள் ஒரு படத்தை முதலில் கைக்காக மட்டும் பார்ப்பார். பிறகு முகத்துக்காக மட்டும். பிறகு, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறவரை மட்டும். புரியாத இடத்தை நான் ஊகித்து எழுதினால் பென்சிலால் அடித்துவிட்டு, “தெரியலன்னா தெரியலன்னு எழுதுங்க நயினாரே. அழகா கற்பன பண்ணி எழுதாதீங்க” என்பார்.

இரண்டு விதிகள் இருந்தன. முதல் விதி, படமெடுக்கும்போது காது கேட்கிறவர் யாரும் அறையில் இருக்கக் கூடாது. நாம் இருந்தால் அவர்கள் நமக்காகப் பேச்சை உடைத்து, மெதுவாக்கி, ஊமை ஜாடையாக மாற்றிவிடுவார்கள். அதனால் கேமரா ஓட்டியவர் ஏகாம்பரம். அவர் காது கேட்காத நெசவாளி. பாதி நாள் தறி, பாதி நாள் கேமரா. சுருள் மாற்றுவதில் அவர் கைவேகம் மெட்ராஸ்காரர்களுக்கும் வராது. இரண்டாவது விதி, அறையில் பேசியது அறையோடு. படம் வந்ததும் பேசியவர்கள் முதலில் பார்ப்பார்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்ன துண்டை அவர்கள் கண் முன்னாலேயே கத்தரிப்போம். சரி என்ற பிறகுதான் நாங்கள் பார்ப்போம், அட்டை எழுதுவோம்.

இந்த இரண்டாவது விதியால்தான் நாங்கள் ஊரில் பிழைத்தோம். ஒருநாள் வீட்டுக்கார முதலாளியே மாடி ஏறி வந்தார். நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு முகம் சரியாக இல்லை.

“என்னா டாக்டரம்மா, என் ஆளுங்கல்லாம் இங்க வந்து கைய ஆட்டிகினு இருக்கானுங்களாமே. என்னப் பத்தி என்னா சொல்றானுங்க?”

“எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் சொல்றதுக்கில்லீங்க.”

“எடம் என்னுதும்மா.”

“எடம் உங்களுது, பேச்சு அவங்களுதுங்க. வேணும்னா நீங்களும் வந்து ஒக்காந்து அவங்களப் பத்திப் பேசுங்க. படம் எடுத்து வெக்கிறேன். அதையும் யாருக்கும் காட்ட மாட்டேன்.”

முதலாளி சிரித்துவிட்டார். அடுத்த நாள் எங்களுக்குப் பன்னீர் சோடா வந்தது. அதற்கடுத்த வாரம் எந்த அழைப்பும் இல்லாமல் நாலு நெசவாளிகள் புதிதாக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். செய்தி பரவியிருந்தது. அதை எல்லோருக்கும் கையால் சொல்லி, முதலாளி முகம் போன போக்கை நடித்தும் காட்டியவர் ஏகாம்பரம்தான்.

அந்த விதி எனக்கே எதிராக வந்து நிற்கும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

மதி அப்போது வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், வாயால் பேசவும் பழக்கும் பள்ளி. கையால் பேசினால் பேச்சு வராது என்பது அன்றைய நம்பிக்கை. வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். வீட்டிலும் சைகை செய்யாதீர்கள் என்று எங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இரவில் விடுதி அறைக்குள் பிள்ளைகள் கையால்தான் பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஒரு விடுமுறையில் நான் மெல்ல ஒரு சைகை செய்து பார்த்தேன். திருடும்போது பிடிபட்டவள்போல இரண்டு கையையும் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பெரியவர்களுக்கு முன்னால் கை பேசக் கூடாது என்று அவளுக்கு அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது. நாள் முழுவதும் ஊரார் கைகளைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனால் என் மகளோடு எனக்கு நாலு வார்த்தைதான் இருந்தது. சோறு, தண்ணி, தூங்கு, வா.

அவளுக்கு ஒன்பது வயது நடந்த கோடை விடுமுறையில், ஒருநாள் காலை பத்மா அவளை ஆரணியில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனைக் கடைக்குச் சர்க்கரை வாங்க அனுப்பினாள். அவள் திரும்பவில்லை.

காது கேட்காத பிள்ளை தொலைந்துபோனால் என்ன ஆகும் என்று அன்று தெரிந்துகொண்டேன். பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. தெருவே இரக்கப்பட்டு, மதி, மதி என்று கத்தியது. அந்தச் சத்தம் எங்களுக்குத்தான் கேட்டது. கோட்டை மைதானம், பஸ் நிலையம், சந்தை, கமண்டல நதி மணல், ஊரில் உள்ள கிணறுகள் எல்லாம் பார்த்தோம். ஒவ்வொரு கிணற்றிலும் குனிவதற்கு முன் என் கால் பின்னால் போயிற்று. டாக்டரம்மா ஜீப்பைப் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலையம் போனார். ஏகாம்பரம் ஆற்றோரம் முழுக்க நடந்தார். இன்றும் பஸ் நிலையத்தில் ஒரு குழந்தை தனியாக நின்றால், அதன் அம்மா வந்து கையைப் பிடிக்கும்வரை நான் பஸ் ஏறுவதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவள் தானாகவே நடந்து வந்தாள். தலையில் யாரோ வைத்த மல்லிகை. கழுத்திலும் கையிலும் சந்தனம். துணியில் ஏதோ மசாலா வாசனை, எங்கள் வீட்டுச் சமையலில் இல்லாத வாசனை. பத்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். கூடியிருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பிள்ளை பிடிக்கிறவன் என்றார் ஒருவர். பூவும் சந்தனமும் பார்த்தால் வேறு ஏதோ என்று ஒரு கிழவர் இழுத்தார். பத்மா அவரைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

எங்கே போனாய் என்று உதட்டால் கேட்டோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மருத்துவரிடம் காட்டினோம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, கவலைப்படாதீர்கள் என்றார். ஆனால் அவள் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டாள். பால் மட்டும் குடித்தாள். இரண்டு நாள், மூன்று நாள் அப்படியே போயிற்று. முற்றத்தில் எறும்பு ஊர்ந்துபோனால் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனது போகாத இடம் இல்லை.

டாக்டரம்மாவிடம் போய்ப் பயந்ததையெல்லாம் கொட்டினேன். முழுக்கக் கேட்டார்.

“தெரியாத எடத்துல நீங்களா எழுதிகினு இருக்கீங்க நயினாரே. நாளைக்கு அவள மேல கூட்டிகினு வாங்க. ஏகாம்பரம் பொண்ணு வள்ளியும் வரட்டும்.”

வள்ளியும் காது கேட்காதவள், மதிக்கு ஒரு வயது மூத்தவள். மறுநாள் இரண்டு பேரையும் பாயில் உட்கார வைத்து, நடுவில் ஒரு தட்டு நிறையப் பொரி வைத்தோம். பேசியது பேசியவர்களுக்குத்தான் சொந்தம் என்பதை மதிக்கு ஏகாம்பரமே விளக்கினார். எல்லோருக்கும் சொல்வதுபோலவே அவளுக்கும் சொன்னார், குழந்தை என்று குறைக்கவில்லை. பிறகு கதவைக் காட்டினார். டாக்டரம்மா இறங்கிப் போய்விட்டார். என்னால் மாடிப்படியைத் தாண்ட முடியவில்லை. மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே கேமரா ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நின்றது. சுருள் மாற்றுகிறார். மறுபடியும் ஓடியது. அந்த அறையில் என் மகள் முதல்முறையாகத் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், எனக்குக் காது கேட்பதால் நான் உள்ளே இருக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மதியின் சிரிப்பு. கூடவே வள்ளியின் சிரிப்பு. நாலைந்து நாளாக நான் கேட்காத சத்தம்.

ஏகாம்பரம் கதவைத் திறந்ததும் என்னவென்று கேட்டேன். கையால்தான், ஆனால் அவசரத்தில் அது சைகையாகவே இல்லை. அவர் என் தோளைப் பிடித்து, “கெட்டது ஒன்றும் இல்லை. பயப்படாதே” என்றார். பிறகு என்னதான் நடந்தது என்றேன். அவர் இரண்டு சுருளையும் ஒரே டப்பாவில் போட்டுச் சிவப்பு நாடாவைச் சுற்றினார். ரகசியம் என்பதற்கு நம்மைப்போல் வாயைப் பொத்திக் காட்டவில்லை. தன் இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து மூடிக் காட்டினார்.

கோபத்தோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். நான் அவளுடைய அப்பா, என்னிடம் சொல்லக் கூடாதா என்றேன். முதலாளியிடம் பேசிய அதே குரலில்தான் என்னிடமும் பேசினார். “அவருகிட்ட கேக்காதீங்க. அவர் சொல்லிட்டாருன்னா நாளைக்கு இந்தப் பாய்ல ஒருத்தரும் ஒக்கார மாட்டாங்க. ஒங்க பொண்ணும்தான். அவளையே கேளுங்க.”

அவள்தான் பேச மாட்டேன் என்கிறாளே என்றேன்.

“நீங்க அவகிட்ட பேசினீங்களா?” என்று கேட்டார். சைகை கூடாது என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்களே என்றேன். “ஸ்கூல்ல சொன்னத ஸ்கூல்ல பாத்துக்கலாம். போங்க, வீட்டுக்குப் போங்க.”

அன்று மதி மோர் சாதம் சாப்பிட்டாள் என்று பத்மா சொன்னாள். நான் கூடத்து ஜன்னல் வெளிச்சம் என் முகத்திலும் கையிலும் விழும்படி உட்கார்ந்தேன், படமெடுக்க உட்காருவதுபோல. அவளை எதிரே உட்கார வைத்துக் கையால் கேட்டேன். உன் படம் மெட்ராஸிலிருந்து வரும். நான் பார்க்கலாமா?

என் கையைப் பார்த்தாள். சமையலறையில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி என் கையைப் பார்த்தாள். பாவாடைக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. “வேண்டாம்.”

என் மகள் அவளுடைய பாஷையில் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. எனக்கு உண்டான சந்தோஷத்தில், சரி, வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். இன்னொரு கையும் வெளியே வந்தது. நீ ‘வேண்டாம்’ சொல்வது தப்பு, முகம் இப்படி இருக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். பத்மா கரண்டியோடு வந்து நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஏங்க, ஸ்கூல்ல திட்டப் போறாங்க.”

“திட்டட்டும். நீயும் ஒக்காரு.”

படம் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நாங்கள் பேசினோம். சாப்பாடு, நாய், பக்கத்து வீட்டுக்காரர் நடை, விடுதி வார்டனின் மூக்குக் கண்ணாடி. என்னை மிஞ்சிப் பத்மா வேகமாகக் கற்றுக்கொண்டாள். எனக்கு இயந்திரத்தில் ஒவ்வொரு படமாக நிறுத்திப் படித்துத்தான் பழக்கம், ஓடுகிற கையைப் பிடிக்க முடியவில்லை. மதிக்கு அது அலுப்பாக இருக்கும். என் முட்டியில் தட்டி, திரும்ப ஆரம்பத்திலிருந்து சொல்லுவாள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை. வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

சுருள் வந்ததும் விதிப்படி அவளைக் கூட்டிப் போனேன். பார்க்கும் இயந்திரத்தில் நானே மாட்டிக் கொடுத்தேன். அதனால் அவள் சம்மதம் தந்ததாக அர்த்தமில்லை, முதலில் அவள் பார்க்க வேண்டும். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது. ஒரு தடவை பார்த்தாள், இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். அவள் இயந்திரத்தின் விளக்கை அணைத்தாள். என்னை உட்காரச் சொன்னாள். “அதில் வேகமாக இருக்கிறது. நான் சொல்கிறேன்” என்றாள்.

சொன்னாள். கடைக்குப் போனபோது எதிரே இருந்த பஸ் நிலையத்தில் ஒரு கூட்டத்தைப் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள், புடவையும் வேட்டியும் கட்டியவர்கள், பட்டப்பகலில், நடு பஸ் நிலையத்தில், கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் அப்படிப் பேசி அவள் அதுவரை பார்த்ததில்லை. பெரியவர்களானால் கை நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறாள். பக்கத்தில் போய் நின்றாள். ஒரு பெண் அவளிடம் ஏதோ கேட்டாள், இவள் பதில் சொன்னாள். பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள், இவளும் ஏறினாள்.

மெட்ராஸ் சேத்துப்பட்டு இல்லை, எங்கள் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு கல்யாணம். காது கேட்காத மாப்பிள்ளை, காது கேட்காத பெண், சர்ச்சில். போனவர்கள் வெம்பாக்கம் பக்கம் கொஞ்சம் பேர், செய்யாறு கொஞ்சம் பேர், ஆரணி கொஞ்சம் பேர். கையால் பேசுகிற பிள்ளை என்றால் நம் ஆள் பிள்ளைதான். வெம்பாக்கத்துக்காரர்கள் இவளை ஆரணிப் பிள்ளை என்று நினைத்தார்கள். ஆரணிக்காரர்கள் செய்யாற்றுப் பிள்ளை என்று நினைத்தார்கள். ஒருத்தி பூ வைத்தாள், ஒருத்தி சந்தனம் பூசினாள், ஒரு கிழவர் அவளைத் தோளில் ஏற்றி மோதிரம் மாற்றுவதைக் காட்டினார். நம்ம ஏகாம்பரத்துக்கு மட்டும் அழைப்பு இல்லை. கேரம் ஆட்டத்தில் மாப்பிள்ளையோடு ஏதோ மனஸ்தாபமாம். அவர் போயிருந்தால் பார்த்தவுடனே தெரிந்துகொண்டிருப்பார்.

இவ்வளவும் சொன்னபோது அவள் முகம் கல்யாண வீடாகவே இருந்தது. அடுத்துச் சொல்ல வந்ததும் மாறிற்று. பந்தியில் உட்கார்ந்தாள். இலையில் வைத்தது ரொம்ப நன்றாக இருந்தது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். திரும்பும் பஸ்ஸில், சாப்பாட்டில் எது பிடித்தது என்று ஒரு பெண் கேட்டாள். இவள் அந்தத் துண்டுகளைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு விரலைத் தலையில் வைத்துக் கொம்பு காட்டினாள்.

மதி கையைத் தலையில் கொம்பாக வைத்தபடியே என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. “அம்மா தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டுகிறாள். எறும்பு இருந்தால் தள்ளி நடக்கிறோம். நான் ஆட்டைத் தின்றுவிட்டேன். இரண்டு தடவை.”

எங்கள் மதத்தைப் பற்றி அவளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்ல எங்களுக்கு வார்த்தை இருந்ததில்லை. பார்த்தே இவ்வளவும் தெரிந்துவைத்திருக்கிறாள். நயினார் வீட்டில் பிறந்தவன் நான், நெஞ்சு திக்கென்றது உண்மை. ஆனால் ஒரு மாதமாக என் மனதுக்குள் நான் எழுதி வைத்திருந்த அத்தனையும் பொய்யாகிப்போன வேகத்தில் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவளுக்குக் கோபமான கோபம். என் கையில் ஓங்கி அடித்தாள். “சிரிக்காதே. ஆடு.”

மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல்தானே தின்றாய் என்றேன். வள்ளியும் அதைத்தான் சொன்னாள் என்றாள். அதோடு, உங்கள் வீட்டில் ஆடு சாப்பிட மாட்டீர்களா, ஐயோ பாவம் என்று வள்ளி கேட்டாளாம். அப்போதுதான் இருவருக்கும் சிரிப்பு வந்திருக்கிறது. அம்மாவிடம் அவளே சொன்னாள். பத்மா, “எம் பொண்ண யாரும் ஒண்ணும் பண்ணல, அது போதுங்க எனக்கு” என்று சொல்லி அவள் தலையைத் தடவினாள். ஒருநாள் உபவாசம் இருக்கலாமா என்று மதிதான் கேட்டாள். மூன்று பேரும் இருந்தோம்.

ஆனால் அந்த மாடி அறையில் அன்று இன்னொன்றும் நடந்தது. தன் கதையை முடித்துவிட்டு, இப்போது நீ சொல் என்றாள். எதை என்று கேட்டேன். “நான் வந்தபோது நீ ஏன் அழுதாய்? அம்மா ஏன் அழுதாள்? தெருவில் ஏன் கூட்டம்?”

நான் சொன்னேன். கடை, கோட்டை, சந்தை, ஆற்று மணல். ஒவ்வொரு கிணறும். குனிந்து பார்த்ததைச் செய்து காட்டினேன். தெரு முழுக்க உன் பேரைச் சொல்லிக் கத்தியது என்றேன். என் கை இப்போதும் மெதுவாகத்தான் போயிற்று. ஆனால் அவள் முட்டியில் தட்டவில்லை. அவள் முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. தான் தொலைந்துபோனது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள், அவ்வளவுதான். அவள் தொலைந்தாள் என்ற செய்தியை ஊரே அறிந்திருந்தது. அவளிடம் மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

“அடுத்த கல்யாணத்துக்கு நீயும் வா. அழ வேண்டாம்” என்றாள்.

படத்தைப் பற்றிக் கேட்டேன். டப்பாவில் இருக்கட்டும், இப்போது வேண்டாம் என்றாள். சிவப்பு நாடாவை மறுபடியும் ஒட்டினேன். டாக்டரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நிமிஷச் சுருள் இரண்டு வீணாயிற்றே என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த வருஷம் தை மாதம், மதியின் பொங்கல் விடுமுறையில், செய்யாற்றில் ஒரு கல்யாணம் வந்தது. நானும் பத்மாவும் போனோம், எங்களுக்குத் தயிர்சாதம் தனியாகச் சொல்லி வைத்திருந்தார்கள். மதி என் விரலைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுக்க இழுத்துப் போனாள். யாரைப் பார்த்தாலும் நிறுத்தி என்னைக் காட்டினாள். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள், கேட்கிறவனா என்று சந்தேகத்தோடு தங்கள் காதைத் தொடுவார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் ஒரே பதிலைச் சொன்னாள்.

“என் அப்பா. காது கேட்கும். ஆனாலும் பேசுவார்.”